அமெரிக்காவில் கல்வி உதவி: தகுதி விதிகள் சொல்வதும் சொல்லாததும்

(நமது ஜமாஅத்தின் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில், அமெரிக்காவில் பல ஆண்டுகள் மனிதவளப் பிரிவில் பணியாற்றி ஊர் திரும்பியிருக்கும் நம் ஜமாஅத் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

இந்த மேடையில் என்னை நிறுத்தியவர்கள் எனக்குத் தந்த தலைப்பு, "அமெரிக்காவில் கல்வி உதவி". தலைப்பைக் கேட்டவுடன் சிலர், இது நமக்கு எதற்கு என்று நினைக்கலாம். நம் மஹல்லாப் பிள்ளைகள் நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் வேலை பார்க்கின்றனர். சிலர் அங்கேயே குடியுரிமை பெற்று, அவர்களுடைய மக்கள் அங்கே பிறந்து வளர்கின்றனர். ஊர் வந்த நாளிலிருந்து அவர்களின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வட்டிக் கடன் வாங்காமல் அங்கே மேற்படிப்புப் படிக்க வழி உண்டா?" இக்கேள்விக்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. ஆயினும், கடனும் அல்லாத, தர்மமும் அல்லாத இரண்டு வழிகள் அந்நாட்டில் உள்ளன. ஒன்று, வேலை தரும் நிறுவனம் செலுத்தும் கல்விக் கட்டணம். மற்றொன்று, படையில் பணியாற்றியவர்களுக்கு அரசு தரும் கல்வி உரிமை. இரண்டும் உழைப்புக்குரிய ஊதியத்தின் ஒரு பகுதியே. ஆனால் இரண்டிலும் பணம் இருக்கிறது என்ற செய்தி பரவும் அளவுக்கு, அதைப் பெறும் தகுதி எப்போது கிடைக்கிறது, எப்போது கைநழுவுகிறது என்ற செய்தி பரவுவதில்லை.

நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். நான் பணியாற்றிய அலுவலகத்தில் கிடங்குப் பிரிவு இளைஞர் ஒருவர் ஆகஸ்ட் மாதம் மாலைக் கல்லூரியில் சேர்ந்தார். தம் சேமிப்பிலிருந்து கட்டணம் செலுத்தினார். அக்டோபரில்தான் நிறுவனம் கல்விக் கட்டணம் தரும் என்பதைக் கேள்விப்பட்டுப் படிவம் கேட்டு வந்தார். பாடம் தொடங்கும் முன்பே ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. படிப்பு பொருத்தமானதே. மதிப்பெண்ணும் நன்று. இருந்தும் மறுப்புக் கடிதத்தை எழுதியவன் நான்தான். விதிப்படி அது சரியான கடிதம். இன்றைக்கும் அது என் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனெனில் அவர் வேலையில் சேர்ந்த நாளில் அந்த விதியை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டியவனும் நானே.

இனி நிறுவன உதவிக்கு வருகிறேன். அமெரிக்க வருமானவரிச் சட்டத்தில் 127 என்ற எண்ணுள்ள பிரிவு ஒன்று 1978இல் சேர்க்கப்பட்டது. நிறுவனம் தன் ஊழியரின் படிப்புக்காகச் செலவிடும் தொகை, ஒரு வரம்பு வரை, ஊழியரின் வருமானமாகக் கணக்கிடப்படாது என்பது அதன் சாரம். அந்த வரம்பு 1986இல் ஆண்டுக்கு 5,250 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. கல்விக் கட்டணம் பன்மடங்கு உயர்ந்த பின்னரும் அத்தொகை பல பத்தாண்டுகள் ஒரு டாலர்கூட ஏறவில்லை. 2026க்குப் பிந்தைய ஆண்டுகளில் விலைவாசிக்கு ஏற்ப உயர்வதற்கு 2025ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்திருக்கிறது. அந்தப் பிரிவே நெடுங்காலம் தற்காலிகமானதாகத்தான் இருந்தது. காலாவதியாகும், பிறகு நீட்டிக்கப்படும். 2013 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தால்தான் நிலைபெற்றது.

இதில் நம்மவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு. சட்டம் எந்த நிறுவனத்தையும் பணம் தருமாறு கட்டாயப்படுத்தவில்லை. தருவதாயின் வரிச்சலுகை உண்டு என்று மட்டுமே சொல்கிறது. அதற்கும் நிபந்தனைகள் உள்ளன. திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். உயர்ந்த சம்பளக்காரர்களுக்குச் சாதகமாக அமைந்திருக்கக் கூடாது. ஐந்து விழுக்காட்டிற்கு மேல் பங்குள்ள உரிமையாளர்களுக்கும் அவர்தம் மனைவி மக்களுக்கும் மொத்த உதவியில் ஐந்து விழுக்காட்டிற்கு மேல் போய்ச் சேரக் கூடாது. படிப்புப் பணத்திற்குப் பதிலாக ரொக்கமாக வாங்கிக்கொள்ளும் விருப்பத்தை ஊழியருக்கு அளிக்கவும் கூடாது. முதலாளி தன் மகனைத் தன் நிறுவனத்தின் பெயரால் படிக்க வைத்துவிட்டு அதற்கு ஊழியர் நலன் என்று பெயர் சூட்டாமல் தடுப்பதற்கு இந்த ஏற்பாடு. நல்ல விதி என்றே நான் சொல்வேன்.

எந்த விசாவில் இருப்பவர் என்ற வேறுபாட்டை 127ஆம் பிரிவு செய்வதில்லை. எச்-1பி விசாவில் இருக்கும் ஊழியர் வேலையைத் தொடர்ந்துகொண்டே பகுதி நேரமாகப் படிக்கலாம். நிறுவனத்தின் திட்டம் அவரை விலக்காத வரையில் உதவியும் பெறலாம். ஆனால் ஊழியரின் மனைவிக்கோ பிள்ளைக்கோ இச்சலுகை இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்தை அலுவலகம் செலுத்தும் என்று எண்ணி வேலையை ஏற்றுக்கொண்ட தந்தையரை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் படிப்பே முதல் நோக்கமானால், பல்கலைக்கழகங்களில் கிடைக்கும் பணிகளை அவர்கள் தாழ்வாக எண்ண வேண்டாம். கல்வி நிறுவனம் தன் ஊழியருக்கும், அவருடைய மனைவிக்கும், அவரைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் இளநிலைப் படிப்பில் தரும் கட்டணக் குறைப்புக்கு வேறொரு பிரிவின் கீழ் வரிவிலக்கு உண்டு. அங்கே துப்புரவுப் பணியாளரின் பிள்ளையும் பேராசிரியரின் பிள்ளையும் ஒரே விதியின் கீழ் வருவார்கள். பெரிய மென்பொருள் நிறுவனத்தின் சம்பளம் தர முடியாததை, ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகத்திலோ கணக்குப் பிரிவிலோ கிடைக்கும் எளிய வேலை தந்துவிடும் குடும்பங்கள் உண்டு.

ஆண்டு வரம்பிற்கு மேல் நிறுவனம் செலுத்தினால், மிகுதி சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். அந்தப் படிப்பு இப்போதைய வேலையின் திறனைக் காக்கவோ வளர்க்கவோ ஆனது என்று காட்ட முடிந்தால் மட்டும் வேறு வழியில் விலக்குக் கிடைக்கும். கணக்கர் கணக்கியலில் மேற்படிப்புப் படிப்பது அவ்வகை. அதே கணக்கர் வழக்கறிஞராக வேண்டிச் சட்டம் படித்தால் அது புதிய தொழில் ஆகிவிடுகிறது.

வட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். முன்பே கல்விக் கடன் வாங்கிவிட்டவர்கள் மனம் சோர வேண்டாம். ஊழியரின் கல்விக் கடனை, அசலும் வட்டியும் சேர்த்து, நிறுவனம் அதே ஆண்டு வரம்பிற்குள் வரியின்றி அடைத்துத் தரலாம் என்று 2020இல் தற்காலிகமாகவும், 2025ஆம் ஆண்டின் சட்டத்தால் நிலையாகவும் அனுமதி வந்துள்ளது. எத்தனையோ நிறுவனங்கள் இதை இன்னும் தம் திட்டத்தில் சேர்க்கவில்லை. ஊழியர்கள் கேட்டால் சேர்ப்பார்கள். மனிதவளப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஐந்து பேர் எழுத்தில் கேட்ட கோரிக்கை மேலிடத்திற்குப் போகும். ஐம்பது பேர் உணவு அறையில் பேசிக்கொண்டது போகாது.

சில நிறுவனங்கள் வெளிப்படையாகவே இதை ஊழியரை ஈர்க்கும் வழியாகக் கையாள்கின்றன. ஸ்டார்பக்ஸ் 2014இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து இணையவழி இளநிலைப் பட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பகுதி நேர ஊழியர்களும் அதில் இடம்பெற்றனர். ஆனால் அது முதற் பட்டத்திற்கு மட்டுமே. இந்தியாவில் பட்டம் பெற்றுவிட்டு அங்கே போனவருக்கு அந்தக் கதவு திறக்காது. அமேசான் 2012இலும் வால்மார்ட் 2018இலும் இவ்வகைத் திட்டங்களைத் தொடங்கின. எந்த நிறுவனமாயினும் இளைஞர்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. வேலையில் சேர்ந்து எத்தனை நாள் கழித்துத் தகுதி பிறக்கிறது? எந்தக் கல்லூரிகள், எந்தப் பாடங்கள்? கட்டணத்தை முன்னதாகச் செலுத்துவார்களா, தேர்ச்சிக்குப் பின் திருப்பித் தருவார்களா? மதிப்பெண் குறைந்தால் என்ன ஆகும்? இவற்றினும் முக்கியமானது, படிப்பு முடிந்து ஓராண்டு அல்லது ஈராண்டுக்குள் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்பது. தானாக விலகுவதையும் நிறுவனமே ஆட்குறைப்புச் செய்வதையும் அந்த வரி வேறுபடுத்துகிறதா என்று பாருங்கள். வேறுபடுத்தாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு, வேலையும் போய்க் கடனும் நின்றவர்கள் உண்டு.

படையினர் கல்வி உரிமைக்கு வருகிறேன். படையில் சேருங்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. படிப்புச் செலவை மட்டும் எண்ணி உயிரைப் பணயம் வைக்கும் தொழிலுக்குப் போவதை நான் என் மகனுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அங்கே பிறந்த பிள்ளைகளும், கிரீன் கார்டு பெற்றவர்களும் சேர்கிறார்கள். சேர்ந்தவர்கள் தமக்கு உரியதை இழக்கக் கூடாது.

இதன் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தை மக்கள் "ஜி.ஐ. பில்" என்று அழைத்தனர். போர்க்காலத்தில் 90 நாட்கள் பணியாற்றி, அவமதிப்புடன் நீக்கப்படாமல் வெளிவந்தவர்க்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணமும், மாதந்தோறும் வாழ்க்கைப்படியும் கிடைத்தன. 1956இல் அத்திட்டம் முடிந்தபோது, இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது லட்சம் பேரில் எழுபத்தெட்டு லட்சம் பேர் அதன் வழியே படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றிருந்தனர். ஒரு தலைமுறையையே கல்லூரி வாசலுக்குக் கொண்டுவந்த சட்டம் அது.

ஆயினும் அச்சட்டத்தின் மறுபக்கத்தையும் காண வேண்டும். அதில் கறுப்பினத்தவர் என்ற சொல்லோ, அவர்களுக்கு இல்லை என்ற வரியோ கிடையாது. எழுத்தில் அனைவருக்கும் பொதுவானது. நடைமுறைப்படுத்தும் அதிகாரம் அந்தந்த ஊர் அலுவலகங்களிடம் இருந்தது. தென் மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் வெள்ளையருக்கு மட்டுமே திறந்திருந்தன. கறுப்பினத்தவருக்கான கல்லூரிகள் சில, அவற்றிலும் இடம் போதவில்லை. இவையன்றி நீலத் தாளில் அச்சிட்ட ஒருவகை விடுவிப்புச் சான்றும் இருந்தது. அது நற்சான்றும் அன்று, அவமதிப்புச் சான்றும் அன்று. கறுப்பின வீரர்களுக்கு அது அளவுக்கு மீறி வழங்கப்பட்டது. அவமதிப்பு இல்லையெனில் உதவி உண்டு என்று சட்டம் சொல்லியிருந்தும், நீலத் தாள் வைத்திருந்தோரை அலுவலகங்கள் திருப்பியனுப்பின. 1947இல் அந்த வகைச் சான்று ஒழிக்கப்பட்டது. அதற்குள் பலருக்குப் படிக்கும் வயது கடந்துவிட்டது.

இன்று நடைமுறையில் உள்ள முதன்மையான சட்டம் 2008இல் இயற்றப்பட்டு 2009 ஆகஸ்டு முதல் செயல்படுகிறது. 2001 செப்டம்பர் 10க்குப் பின் ஆற்றிய பணியின் காலத்தைப் பொறுத்து அதன் அளவு அமைகிறது. மொத்தம் 36 மாதங்கள் பணியாற்றியவர்க்கு முழு உரிமை. 90 நாட்கள் நிறைவு செய்தவர்க்குப் பாதி. இடையே படிப்படியாக உயரும். பணியால் ஏற்பட்ட உடற்குறையின் காரணமாக விடுவிக்கப்பட்டவர் தொடர்ச்சியாக 30 நாட்கள் பணியாற்றியிருந்தாலே முழு உரிமை பெறுவார். போரில் காயமுற்றோர்க்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றவர்க்கு நாட்கணக்கே இல்லை. முழு உரிமை என்பது 36 மாதப் படிப்பு. அரசுப் பல்கலைக்கழகமாயின் மாநிலத்தவர்க்குரிய கட்டணம் முழுவதும், தனியார் நிறுவனமாயின் ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் உச்ச வரம்பு வரையும் கிடைக்கும். வீட்டு வாடகைப்படி தனி. அந்தப் படியில் நுணுக்கம் உண்டு. எல்லாப் பாடங்களையும் இணையவழியே படித்தால் நாட்டுச் சராசரியில் பாதிதான். ஒரு பாடத்தையாவது வகுப்பறையில் அமர்ந்து படித்தால் அந்த ஊர் வாடகையை ஒட்டிய படி. பாதி அல்லது அதற்குக் குறைந்த பாடச்சுமை எனில் படியே இல்லை.

விடுவிப்புச் சான்றின் சொற்களைக் கவனியுங்கள். நற்சான்றுடன் கூடிய விடுவிப்பு இக்கல்வி உரிமைக்குக் கட்டாயம். அதற்கு ஒரு படி கீழான பொது விடுவிப்பு மருத்துவ உதவிக்குப் போதும், கல்விக்குப் போதாது. படையை விட்டு விரைவாக வெளியேற வேண்டும் என்ற அவசரத்தில் பொது விடுவிப்புக்குச் சம்மதிக்கும் இளைஞனிடம் இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மனைவி மக்களுக்கு இந்த உரிமையை மாற்றித் தரலாம். ஆறு ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும், மேலும் நான்கு ஆண்டுகள் பணியாற்ற ஒப்ப வேண்டும். பிள்ளைகள் 26 வயதுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இவையெல்லாம் பலருக்குத் தெரியும். தெரியாதது, மாற்றித் தரும் விண்ணப்பத்தைப் பணியில் இருக்கும்போதே செய்ய வேண்டும் என்பது. எனக்குப் பழக்கமான குடும்பத்தில் தந்தை இருபது ஆண்டுகள் படையில் இருந்து ஓய்வு பெற்றார். மகள் கல்லூரிக்குப் போகும்போது மாற்றித் தரலாம் என்று காத்திருந்தார். மகள் கல்லூரிக்குப் போனபோது அவர் படையில் இல்லை. இருபது ஆண்டுப் பணியும் அந்த ஒரு விண்ணப்பத்திற்கு ஈடாகவில்லை.

விதியைப் பொருள்கொள்வதில் அரசே தவறியதும் உண்டு. ஜேம்ஸ் ருடிசில் என்ற படைவீரர் மூன்று கட்டங்களாகப் பணியாற்றியவர். பழைய மாண்ட்கோமரி திட்டத்திலும் புதிய திட்டத்திலும் தனித்தனியே தகுதி பெற்றிருந்தார். பழைய திட்டத்தில் 25 மாதம் 14 நாள் பயன்படுத்தி இளநிலைப் பட்டம் பெற்றார். பின்னர், படையில் சமயப் பணியாளராக ஆகும் நோக்கத்துடன் யேல் பல்கலைக்கழகத்தின் இறையியல் கல்லூரியில் படிக்கப் புதிய திட்டத்தில் விண்ணப்பித்தார். 36 மாதத்தில் எஞ்சியுள்ள 10 மாதம் 16 நாள் மட்டுமே உண்டு என்றது துறை. இரண்டு திட்டங்களுக்கும் சேர்த்து உச்ச வரம்பு 48 மாதம், ஆகவே எனக்கு 22 மாதம் 16 நாள் உரியது என்றார் அவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2024 ஏப்ரலில் ஏழு நீதிபதிகள் அவர் பக்கமும் இருவர் மாறாகவும் தீர்ப்பளித்தனர். தனித்தனிப் பணிக்காலங்களால் ஈட்டிய இரண்டு உரிமைகளில் ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் மற்றொன்று என்று சொல்ல இயலாது என்பது முடிவு. முன்பு மறுப்புக் கடிதம் பெற்றவர்கள் அக்கடிதத்தையே இறுதி என்று கொள்ளாமல் மீண்டும் கேட்பதற்கு அத்தீர்ப்பு இடம் தந்தது.

எந்தக் கல்லூரி என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். இலாப நோக்குக் கல்லூரிகள் தம் வருவாயில் குறைந்தது பத்து விழுக்காட்டை மத்திய அரசின் மாணவர் உதவிக்கு வெளியிலிருந்து ஈட்ட வேண்டும் என்பது விதி. படைவீரரின் கல்விப் பணம் நெடுங்காலம் அந்தப் பத்தில் கணக்கிடப்பட்டது. அதனால் சில கல்லூரிகள் படைமுகாம் வாசலிலேயே ஆள் பிடித்தன. 2021ஆம் ஆண்டின் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. 2016 செப்டம்பரில் ஐ.டி.டி. டெக் என்ற பெரிய நிறுவனம் திடீரென்று மூடப்பட்டபோது, அங்கே படித்துக்கொண்டிருந்த வீரர்கள் பட்டமும் இன்றி, செலவழித்த மாதங்களும் இன்றி நின்றனர். மறுஆண்டு வந்த சட்டமே அம்மாதங்களைத் திரும்பப் பெற வழி செய்தது. 2013 முதல் விடுவிக்கப்பட்டவர்களுக்கு இருந்த பதினைந்தாண்டுக் காலக்கெடுவை நீக்கியதும் அதே சட்டம்தான். அதற்கு முன் விடுவிக்கப்பட்டவர்களுக்குக் கெடு இன்றும் உண்டு.

ஒருவர் படைவீரராகவும் இருந்து, நிறுவன ஊழியராகவும் ஆனால்? இரண்டையும் பெறலாம். ஆனால் நிறுவனம் கல்விக் கட்டணத்திற்கென்றே கல்லூரிக்கு நேரடியாகச் செலுத்தும் தொகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் புதிய திட்டம் செலுத்தும். அரசு செலுத்தியது சிறு தொகையே ஆனாலும், படித்த காலம் 36 மாதக் கணக்கிலிருந்து குறையும். எனவே ஒரு பருவத்திற்கு நிறுவனப் பணம், முழுச்சுமைப் படிப்புக்கு அரசுப் பணம் என்று பிரித்துத் திட்டமிடுபவர் மாதங்களைக் காப்பாற்றிக்கொள்வார்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் கல்விக் குழு பைத்துல்மால் உதவிக்குப் புதிய விதிகளின் வரைவை இன்று உங்கள் முன் வைத்திருக்கிறது. நல்ல முயற்சி. அதில் இரண்டு வரிகளை மட்டும் மறுபரிசீலனை செய்ய நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். ஜூன் 30க்குப் பின் வரும் விண்ணப்பம் ஏற்கப்படாது என்பது ஒன்று. துணைத் தேர்வெழுதி ஆகஸ்டில் கல்லூரியில் சேரும் பிள்ளை அந்த வரியால் வெளியே நிற்கும். தந்தையின் சந்தா நிலுவையில் இருந்தால் பிள்ளைக்குத் தகுதியில்லை என்பது மற்றொன்று. நிலுவை வைத்திருப்பவர் யார் என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். வசதியிருந்தும் செலுத்தாதவர் சிலர். கணவரை இழந்த தாய்மார்களின் வீடுகள் அதைவிட அதிகம். யாரையும் விலக்கும் எண்ணத்தோடு நம்மவர்கள் அதை எழுதவில்லை என்பதை நான் அறிவேன். நிலுவையைத் தந்தையிடம் தனியே வசூலிப்போம். பிள்ளையின் படிவத்தில் அந்தக் கட்டம் வேண்டாம்.

நாளை அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ளவர்கள், அவர்களுடைய நிறுவனத்தின் கல்வி உதவித் திட்ட ஆவணத்தைக் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி எடுத்து வாருங்கள். இன்னும் வேலையில் சேராதவர்களின் நியமனக் கடிதமாயின், கையெழுத்திடும் முன் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம்.